வேலூர் 1806: ஒரு கிளர்ச்சியை மேசைமேல் வைக்குமுன்

வேலூர்ச் சிப்பாய் எழுச்சியைச் சின்னஞ்சிறு பொம்மை வீரர்களை வைத்து மேசைப் போர் விளையாட்டாகச் செய்யப்போகிறோம், எதைப் படிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று வேடந்தாங்கலையும் சுற்று ஊர்களையும் சேர்ந்த இளைஞர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி எளிதாகத் தெரிகிறது. அதற்குள் சில தப்பெண்ணங்களும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்து எடுத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

விளையாட்டு என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒரு பெரிய மேசை. அதன்மேல் கோட்டை, அகழி, சாலை, மரங்கள் என்று ஒரு நிலப்பரப்பு. இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்த சிறு வீரர்கள். ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவு நாடா சொல்லும், சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் படை அதிகாரிகளைப் பழக்குவதற்காக இதை உருவாக்கினார்கள். மகன் விதிகளை அச்சிட்டது 1824இல். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு புத்தகம் எழுதி, வீட்டுக் கூடத்தில் ஆடும் பொழுதுபோக்காக அதை மாற்றினார். இன்று ஐரோப்பாவில் 1848-49 ஹங்கேரி எழுச்சியை ஒரு மேசையில் கொண்டுவர, எந்தப் படைப்பிரிவு எந்த நிறக் கோட்டு போட்டிருந்தது என்று வருடக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இது முற்றிலும் புதிதில்லை. பழைய கோயில் மண்டபங்களில் தரைக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை. ஜெயிக்கும் வழியும் ஒன்றில்லை. புலிக்கு ஆட்டை வெட்டினால் வெற்றி, ஆட்டுக்குப் புலியை நகரவிடாமல் கட்டினால் வெற்றி. சதுரங்கத்திலோ இரண்டு பக்கமும் ஒரே படை, ஒரே இலக்கு. வந்தவாசியில் 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதைச் சதுரங்கம் போல ஒரு வெட்டவெளிப் போராக அமைக்கலாம். ஒரு கிளர்ச்சியை அப்படி அமைத்தால் அது பொய்யாகிவிடும். கிளர்ச்சிக்கு ஆடுபுலிதான் மாதிரி.

வேடந்தாங்கல்காரர்களுக்கு வேலூர் எதற்கு என்று கேட்கலாம். வேலூரும் ஆற்காடும் வாலாஜாபாத்தும் பாலாற்றங்கரை ஊர்கள். அதே பாலாறுதான் நம் மாவட்டத்தைக் கடந்து சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்த நாளில் வாலாஜாபாத் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பெரிய பாளையம். 1806இல் வேலூருக்கு வெளியே கொந்தளிப்பு தெரிந்த இடங்களில் அதுவும் ஒன்று. வேடந்தாங்கலுக்கே ஒரு சிப்பாய்க் கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரப் படையினர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள், ஊரார் செங்கல்பட்டுக்குப் போய் முறையிட்டார்கள், கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798இல் ஏரியைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார் என்று வனத்துறைக் குறிப்பும் ஊர்ப் பேச்சும் ஒருசேரச் சொல்கின்றன. எட்டே வருடம் கழித்து நடந்தது வேலூர்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1805 நவம்பரில் சென்னைப் படைக்கு ஒரு புதிய உடை ஆணை வந்தது. அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசையை ஒரே அளவாக நறுக்க வேண்டும், தோலாலான இலச்சினை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகை வெள்ளைக்காரர்களின் தொப்பி போலவே இருந்ததாகச் சிப்பாய்கள் எண்ணினார்கள். தொப்பி போட்டால் மதம் மாறியதாகத்தான் ஊரில் பேசுவார்கள், வீட்டில் சோற்றுக்கு உட்கார விடமாட்டார்கள் என்பது அவர்கள் பயம். 1806 மே மாதம் வேலூரில் மறுத்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் 900 கசையடி. இன்னும் 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பாகி, அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அது நிறைவேறவில்லை. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். படைத்தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 1799 முதல் அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தை முன்னிறுத்தி மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து கர்னல் ரோலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, காலை பத்து மணிவாக்கில் கோட்டையை மீட்டுவிட்டார்.

இந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு மேசை போட முடியாது என்பதுதான் இந்த விளையாட்டின் அருமை. பாடப்புத்தகம் ‘கோட்டையைக் கைப்பற்றினர்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடும். மேசை போடுகிறவர் அப்படித் தாண்ட முடியாது. சாவி யாரிடம்? தோட்டா எங்கே இருந்தது? பாராக்கிலிருந்து மதிலுக்கு எத்தனை கெஜம்? நிலவா, இருட்டா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு காகிதத்தைத் தேடி அனுப்பும்.

நிலத்தைப் பற்றிய கணக்கு. வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. சதுரமாக நினைத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 730 மீட்டர். மேசை நான்கடி அகலம் என்றால் 120 செ.மீ.; கோட்டை மேசையை நிறைத்தால் ஒரு செ.மீ. ஆறு மீட்டராகிறது. அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியால் பயனுள்ளபடி சுடக்கூடிய தூரம் 100 மீட்டர் அளவுதான். மேசையில் அது 16 செ.மீ. இதுவரை சரி. ஆனால் கடைகளில் கிடைக்கும் வீரன் 28 மி.மீ. உயரம். இதே அளவுகோலில் அவன் 17 மீட்டர் உயர மனிதன்! புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். நிலத்துக்கு ஓர் அளவுகோல், பொம்மைக்கு வேறோர் அளவுகோல், இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது என்பதை முதல் நாளே ஒத்துக்கொண்டுவிட வேண்டும். பொம்மை ஓர் அடையாளம், அவ்வளவுதான். அது நிற்கும் இடமும் அளக்கும் தூரமும்தான் கணக்கு.

ஆள் கணக்கும் அப்படியே. கோட்டைக்குள் இங்கிலாந்து மன்னர் படையின் 69ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த நான்கு கம்பெனி, 370-380 வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம்மவர் 1ஆம் ரெஜிமென்ட்டின் இரண்டு பட்டாளமும் 23ஆம் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாளமும் சேர்த்து 1500 பேர் அளவு. ஒரு பொம்மை இருபது ஆளுக்குச் சமம் என்று வைத்தால் சிப்பாய்ப் பக்கம் 75, எதிர்ப்பக்கம் 19. பத்தொன்பதே பொம்மையா, ஆட்டம் சமமாக இருக்காதே என்று யாராவது முகம் சுளிப்பார்கள். சமமாக்குவதற்காக எண்ணை மாற்றாதீர்கள். அந்தப் பத்தொன்பதுக்கு ஆற்காடு என்ற ஒரு துணை மேசைக்கு வெளியே காத்திருக்கிறது. சமநிலை அங்கிருந்து வர வேண்டும்.

அடுத்தது உடை. பெரும்பாலோருக்கு இதில்தான் ஆசை. இருபுறமும் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற மாதிரி இரண்டு நிறம் வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கிளர்ச்சியில் அது நடக்காது. ஹங்கேரியில் 1848 இலையுதிர் காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் பழைய ரெஜிமென்ட்டுகள் இரண்டாகப் பிளந்து இரு தரப்பிலும் நின்றன; அதே வெள்ளைக் கோட்டு, அதே ஹுஸார் உடை. ஹொன்வேத் என்ற புதிய தேசியப் பட்டாளங்கள் பழுப்புக் கோட்டில் பெருகிய பிறகுதான் கண்ணுக்கு வேற்றுமை தெரிந்தது. வேலூரில் நிலைமை அதைவிடச் சிக்கல். 69ஆம் ரெஜிமென்ட் சிவப்புக் கோட்டு. சென்னைச் சிப்பாயும் சிவப்புக் கோட்டுதான். வேறுபாடு இடுப்புக்குக் கீழேயும் கழுத்துக்கு மேலேயும்: சிப்பாய்க்கு முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, காலில் செருப்பு, தலையில் தலைப்பாகை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி அழைத்து வந்ததில் 19ஆம் டிராகூன் என்ற குதிரைப் பிரிவின் வெள்ளைக்காரர்களோடு சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த நம் ஆட்களும் இருந்தார்கள். ஆகவே ‘இந்தியர் ஒரு பக்கம், ஆங்கிலேயர் ஒரு பக்கம்’ என்று மேசையைப் பிரிக்க முடியாது. இதை மறைக்காமல் மேசையில் காட்டுவதுதான் நேர்மை.

28 மி.மீ. வீரனின் தலை ஓர் உளுந்து மணி அளவுக்குத்தான் இருக்கும். தலைப்பாகையை வரைந்து, காய்ந்த பிறகு, மெல்லிய தூரிகையின் நுனியால் முன்பக்கம் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிதான் தோல் இலச்சினை. மாட்டுத் தோலா பன்றித் தோலா என்ற ஐயம் இரண்டு மதத்தாரையும் ஒன்றாகச் சேர்த்த பொருள். பெயின்ட் அடிக்கிற எவரும் அந்தப் புள்ளியைப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ஜூலை 10 இரவில் இந்தச் சிப்பாய் தலையில் உண்மையிலேயே புதிய தலைப்பாகை இருந்ததா? படுக்கையிலிருந்து எழுந்து வந்தவன் எதை அணிந்திருப்பான்? ஆணை போட்ட நாளும் அணிந்த நாளும் ஒன்றில்லை. நான் செய்வதாக இருந்தால் பழைய தலைப்பாகையும் புதியதும் வெறுந்தலையும் கலந்தே வரைவேன். அணிவகுப்புக்கு வரைந்த பொம்மையை பின்னிரவுக் கலகத்தில் நிறுத்துவது அழகாக இருக்கும், சரியாக இருக்காது. தலைப்பாகை மட்டுமே காரணம் என்ற எண்ணத்தையும் இங்கே விட்டுவிடலாம். சம்பளம், வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் நமக்கும் காட்டிய வேற்றுமை, பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்து ஐந்தே வருடம் ஆகியிருந்த மனநிலை, மைசூர் வீழ்ந்த வடு, இத்தனையும் அடியில் கிடந்தன.

இனி ஆதாரங்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

நமக்குக் கிடைப்பவை யார் எழுதியவை? கில்லெஸ்பியோடு வந்து பீரங்கியால் உட்கதவைத் தகர்த்த இளம் பொறியியல் அதிகாரி பிளாக்கிஸ்டன் ஒரு நினைவுக்குறிப்பு எழுதினார். அது வெளிவந்தது 1829இல், 23 வருடம் கழித்து. கொல்லப்பட்ட ஃபேன்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பியவர், அந்த இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒளிந்திருந்தவர் கேட்டது நிறைய, பார்த்தது கொஞ்சம். படையின் அதிகாரபூர்வ வரலாற்றை டபிள்யூ.ஜே. வில்சன் எழுதியது அந்த நூற்றாண்டின் கடைசியில். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசின் இரகசியக் காகிதங்களும் விசாரணைக் குழுவின் பதிவுகளும் இருக்கின்றன. இவற்றை அலசி பி. சின்னியன் 1982இலும் மாயா குப்தா 1986இலும் புத்தகம் எழுதினார்கள். ஜேம்ஸ் ஹூவர் 2007இல் படைக்குள் நடந்த பேச்சையும் கட்டுப்பாட்டையும் மையமாக வைத்து எழுதினார். இங்கிலாந்தின் பொது நினைவில் கில்லெஸ்பியின் குதிரைச் சவாரிதான் நின்றது. ஹென்றி நியூபோல்ட் அவர் பெயரையே தலைப்பாக வைத்துக் கவிதை எழுதினார்.

சிப்பாய் எழுதியது ஒன்றும் இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிப்பாயின் குரல் விசாரணை அறையில் மட்டும் கேட்கிறது. அதுவும் தமிழிலோ தெலுங்கிலோ இந்துஸ்தானியிலோ சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. சொன்னவன் கழுத்துக்கு மேலே தூக்குக் கயிறு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவனைக் காட்டிக்கொடுத்தவன் உண்டு, கேட்டவர் எதை விரும்புகிறார் என்று தெரிந்து அதையே சொன்னவன் உண்டு. திப்புவின் மகன்கள் சதி செய்தார்கள் என்று கேட்க விரும்பிய அதிகாரிக்கு அப்படிச் சொல்லும் சாட்சி கிடைத்திருப்பதில் வியப்பென்ன?

அப்படியானால் எதையும் நம்பக்கூடாதா? அப்படியில்லை, ஒவ்வொன்றையும் எதற்கு நம்பலாம் என்று தெரிந்து நம்ப வேண்டும். நம் பக்கத்திலேயே பழகிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில். பெருமழை இரவில் ஏரிக்கரை உடையப் போகிறதென்று பார்க்கப் போன கலெக்டர் பிளேஸ், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதைக் கண்டார், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டித் தந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. கம்பெனியின் வருவாய்க் காகிதங்களில் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் காட்டிய அக்கறை பதிவாகியிருக்கிறது. கல் சொல்வது கொடுத்தவர் யார் என்பதை. காகிதம் சொல்வது அரசு எதற்குச் செலவழித்தது என்பதை. கதை சொல்வது அந்த நிகழ்ச்சியை மக்கள் என்னவாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை. மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்டால்தான் சண்டை வரும்.

இதை வேலூருக்குக் கொண்டுபோங்கள். கில்லெஸ்பி வந்தபோது வெளிக் கதவுகள் திறந்தே கிடந்தன என்பதில் எழுதியவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது நடந்த செயல், பலர் பார்த்தது. ஏன் திறந்து கிடந்தன? ‘சிப்பாய்கள் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள், ஒழுங்கு போய்விட்டது’ என்பது வெள்ளை அதிகாரிகளின் விளக்கம். கொள்ளை நடந்திருக்கலாம். ஆனால் மூன்று பட்டாளத்து ஆட்கள் இருட்டில் கலந்து நின்றதும், எல்லாருக்கும் பொதுவான ஒரு தலைவன் இல்லாததும், தலைமை ஏற்பார்கள் என்று நம்பிய இளவரசர்களில் ஒருவரும் வெளியே வந்து வாளெடுக்காததும் அதைவிடக் கனமான காரணங்களாக எனக்குப் படுகின்றன. ஆகவே ‘பகடையில் ஒன்று முதல் மூன்று விழுந்தால் சிப்பாய்கள் கொள்ளையடிக்கப் போய்விடுவார்கள்’ என்று விதி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் தோற்றவனைப் பற்றி ஜெயித்தவன் சொன்னதை நீங்கள் விதியாக்கிவிட்டீர்கள். ‘பொதுத் தலைமை ஏற்படும்வரை வெவ்வேறு பட்டாளத்துப் பொம்மைகளை ஒரே ஆணையில் நகர்த்த முடியாது’ என்று எழுதுங்கள். நடந்ததும் சரியாக வரும், பழியும் சேராது.

எண்களுக்கும் இதே முறை. வெள்ளைக்காரப் பக்கம் இறந்தவர்களைப் பெயர்ப் பட்டியல் வைத்து எண்ணினார்கள். சிப்பாய்ப் பட்டாளங்களின் அதிகாரிகள் 14, 69ஆம் ரெஜிமென்ட்டார் 115 என்ற கணக்கு அதனால் உறுதியாக நிற்கிறது. இறந்த சிப்பாய்களுக்கு 350 என்பார், 800 என்பார். ஒருவர் கணக்குக்கு இன்னொருவர் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல். இந்த இடைவெளியே ஒரு செய்திதான்: ஒரு பக்கத்துச் சாவை எண்ண ஆள் இருந்தது, மறுபக்கத்துச் சாவை எண்ண யாரும் அக்கறைப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் 575 என்று ஒரு சராசரி போடுகிற பழக்கம் உண்டு. அது மட்டும் வேண்டாம். அந்த எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

உண்மையான ஆட்டம் எங்கே இருக்கிறது என்றால், காலத்தில் இருக்கிறது. சிப்பாய்களில் பலர் குடும்பத்தோடு கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடிசைகளில் இருந்தவர்கள். மறுநாள் அதிகாலை அணிவகுப்பு என்பதால் அன்றிரவு அவர்களை உள்ளேயே படுக்கச் சொன்னார்கள். அந்த ஓர் ஆணை இல்லையென்றால் அன்றைக்கு எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள்? முஸ்தபா பெக் என்ற சிப்பாய் முன்கூட்டியே சதியைச் சொல்லி எச்சரித்தான்; பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒருவர் நம்பியிருந்தால்? கோட்டைக்கு வெளியே குடியிருந்த மேஜர் கோட்ஸ் சத்தம் கேட்டு ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பினார். ஆற்காடு 16 மைல், ஏறக்குறைய 25 கிலோமீட்டர். குதிரையைத் துரத்தி ஓட்டினால் செய்தி போக ஒன்றரை, இரண்டு மணி நேரம். படை திரும்பி வர அதே அளவு. கில்லெஸ்பி ஒன்பது மணிவாக்கில் வந்து சேர்ந்தார் என்பது பொதுவான கணக்கு. அதற்குள் 69ஆம் ரெஜிமென்ட்டில் எஞ்சிய அறுபது பேர் அளவில், உதவி மருத்துவர்கள் இருவரோடும் சார்ஜென்ட் பிராடியோடும் மதில்மேல் ஏறி, தோட்டா தீர்ந்து நின்றார்கள். அவர்கள் மேலிருந்து விட்ட கச்சைகளைப் பிடித்துத்தான் கில்லெஸ்பி ஏறினார்.

இதை இருபுறமும் எல்லாம் தெரிந்த ஆட்டமாக ஆடினால் சிப்பாய்ப் பக்கம் ஆடுகிறவர் முதல் முறையிலேயே கதவைச் சாத்திவிடுவார். 1806இல் சிப்பாய்க்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பதால். ரைஸ்விட்ஸின் பழைய முறையில் இதற்கு மருந்து இருக்கிறது: நடுவர். இரண்டு அணியும் தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் பார்க்கும். முழு மேசையும் நடுவர் கண்ணுக்கு மட்டும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தால் விடியற்காலை மூன்றிலிருந்து பத்து வரை பதினான்கு முறை. ஆற்காட்டுப் படை எந்த முறையில் வரும் என்பதை நடுவர் துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும். செய்தி போனதா என்பதுகூடச் சிப்பாய் அணிக்குத் தெரிய வேண்டாம். அப்போது அவர்கள் முன்னால் உண்மையான தேர்வு நிற்கும்: பாராக்கைத் தாக்குவதா, மதிலில் ஏறியவர்களை இறக்குவதா, இளவரசர் வாசலில் போய் நிற்பதா, கதவுக்கு ஆள் அனுப்புவதா. நாலுக்கும் ஆள் போதாது. அந்த நெருக்கடியை ஒரு முறை ஆடிப் பார்த்தவருக்கு, சிப்பாய்கள் ஏன் கதவை விட்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆடக் கூடாதவை சில உண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிகளாகப் படுத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொன்றார்கள். கோட்டை மீட்கப்பட்ட பின், அரண்மனைப் பக்கம் ஒதுங்கியிருந்த நூறு சிப்பாய்கள் அளவில் பிடித்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிளாக்கிஸ்டனே அதை எழுதியிருக்கிறார். விசாரணைக்குப் பின் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். சுட்டும் தூக்கிட்டும் கொல்லப்பட்டவர்கள் தனி. இவற்றில் எவருக்கும் தேர்வு இல்லை, எதிர்த்துப் போராட வழியில்லை. ஆகவே இவை ஆட்டமில்லை. இவற்றுக்குப் பகடை உருட்டுவது தவறு. கதவு தகர்ந்து குதிரைப்படை உள்ளே நுழைந்ததும் ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு நடந்ததை விதிப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கமாக, மழுப்பாமல் எழுதுங்கள். போர் விளையாட்டு போரைப் புகழ்கிறதா என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க அந்தப் பக்கம் கையில் இருக்க வேண்டும்.

யார் ஜெயித்தார்கள் என்று எப்படித் தீர்மானிப்பது? கோட்டை யாரிடம் என்று மட்டும் பார்த்தால் சிப்பாய் அணி எப்போதும் தோற்கும். வரலாறு அவ்வளவு எளிதாக முடியவில்லை. உடை ஆணை அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. 1807இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கும் பதவி இழந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். மறுபுறம் மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன, திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே ஆடுபுலியைப் போலவே இரண்டு அணிக்கும் தனித்தனிக் கணக்கு கொடுங்கள். சிப்பாய் அணிக்கு, சென்னையில் இருக்கும் அரசு எவ்வளவு அதிர்கிறதோ அவ்வளவு புள்ளி: எத்தனை மணி நேரம் கோட்டை கையில் இருந்தது, கொடி எவ்வளவு நேரம் பறந்தது, எத்தனை பேர் உயிரோடு பேட்டைக்கு வெளியே போனார்கள். இந்தக் கடைசிப் புள்ளிக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

பொம்மைக்குப் பெரிய செலவு தேவையில்லை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக் கூழில் கொலுப் பொம்மை செய்கிறவர்களிடம் அச்சு எடுக்கும் முறையை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே பாதி பிடிபடும். தொடக்கத்துக்கு அட்டையில் வரைந்து வெட்டியவையும் போதும். கோட்டைதான் முதலில் தேவை. வேலூருக்குப் போகுமுன் இங்கே பக்கத்தில் கருங்குழிக் கோட்டையில் கை பழகுங்கள். வந்தவாசிப் போருக்கு முந்தைய மாதம், 1759 டிசம்பரில், ஆங்கிலத் தளபதி கூட் பிடித்த கோட்டை அது. இன்று மதிலின் மிச்சம் மட்டும் நிற்கிறது. இருவர் போங்கள். ஒருவர் காலடியை எண்ணி நடக்கட்டும், மற்றவர் எழுதட்டும். நூறு காலடிக்கு எத்தனை மீட்டர் என்று முன்பே வீட்டுத் தெருவில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே மதில் உண்மையில் இருக்கிறது, எங்கே நீங்களாக ஊகித்தீர்கள் என்பதை வரைபடத்தில் இரண்டு நிறத்தில் குறியுங்கள். வேலூரிலும் அதே இரண்டு நிறப் பென்சில் வேண்டும்: இன்று நிற்கும் மதில், அகழி, ஜலகண்டேசுவரர் கோயில் ஒரு நிறம்; 1806இன் பாராக்கும் ஆயுதக் கிடங்கும் காகிதத்தைப் பார்த்துக் குறிப்பவை என்பதால் மற்றொரு நிறம். ஆவணக் காப்பகத்துக்கு ஆய்வு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்த இரண்டாம் நிறத்தில் உள்ள இடங்களைத்தான் தேடப்போகிறோம் என்று எழுதுங்கள். எந்த ஆவணக் கட்டைக் கேட்பது என்று அங்குள்ளவர்களே வழிகாட்ட அது உதவும்.